"இன்னும் ஓராண்டு பார்க்கலாம்" என்று பள்ளி சொன்னால்

டெக்சாஸில் வசிக்கும் ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகனுக்கு எட்டு வயது, இரண்டாம் வகுப்பு. இங்கேயே பிறந்தவன். கணக்கு நன்றாகப் போடுகிறான், ஆங்கிலத்தில் ஒரு கதையைச் சொன்னால் அப்படியே திருப்பிச் சொல்கிறான். வாசிக்க மட்டும் வரவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்தே சிறு குழுவில் வைத்துத் தனியாக வாசிப்புப் பயிற்சி தருகிறார்கள். டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடாக இருக்குமோ என்று கேட்டால், 'வீட்டில் தமிழ் பேசுவதால் குழம்புகிறான், இன்னும் ஓராண்டு பார்க்கலாம்' என்கிறார் ஆசிரியை. நாங்கள் எச்1பி விசாவில் இருக்கிறோம், பள்ளியைப் பகைத்துக்கொள்ளாதே என்கிறார் கணவர். எனக்குப் பேச உரிமை இருக்கிறதா? எங்கே தொடங்குவது?"

சகோதரி, இன்னும் ஓராண்டு பொறுக்க வேண்டாம். அவனுக்குக் குறைபாடு இருக்கிறதா என்று சோதிக்கும் முழு மதிப்பீட்டைக் கேட்டு இந்த வாரமே பள்ளிக்கு எழுதுங்கள். ஆசிரியையிடம் நீங்கள் பலமுறை வாய்வார்த்தையாகக் கேட்டிருப்பீர்கள், அவரும் கனிவாகவே பதில் சொல்லியிருப்பார். ஆனால் தாளில் நீங்கள் இதுவரை எதையுமே கேட்கவில்லை. அமெரிக்காவில் சிறப்புக் கல்வி முழுக்க முழுக்கத் தாளில் நடக்கிறது. உங்கள் மாநிலத்தில் எழுதிக் கேட்டால்தான் கெடுவுக்குள் பதில் சொல்லும் கடமை பள்ளிக்கு வருகிறது. பல ஆண்டுகளாகப் பெற்றோருடன் பள்ளிகளின் சிறப்புக் கல்விக் கூட்டங்களில் உட்கார்ந்து வருகிறேன். சத்தம் போட்ட பெற்றோரைவிட, நிதானமாகத் தேதி போட்டு எழுதிய பெற்றோரின் பிள்ளைகளுக்கே காரியம் நடந்திருக்கிறது.

உங்கள் உரிமை எங்கிருந்து வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1975 நவம்பரில் அதிபர் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம், குறைபாடுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசமான, தகுந்த அரசுப் பள்ளிக் கல்வி தரப்பட வேண்டும் என்றது. 1990இல் அதற்கு ஐ.டி.இ.ஏ. (குறைபாடுள்ளோர் கல்விச் சட்டம்) என்ற இன்றைய பெயர் வந்தது. மூன்று வயது முதல் 21 வயது வரை, 13 வகைக் குறைபாடுகளை அது கணக்கில் கொள்கிறது. அவற்றில் ஒன்றான 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்பதற்குள் டிஸ்லெக்சியா அடங்கும். உதவி தேவைப்படும் குழந்தைகளைத் தேடிக் கண்டறியும் பொறுப்பும் பள்ளி மாவட்டத்துடையதே. பெற்றோர் கேட்டு வர வேண்டும் என்றுகூட அந்தச் சட்டம் எதிர்பார்க்கவில்லை. நடைமுறையில் கேட்டால்தான் நடக்கிறது என்பது வேறு விஷயம்.

கடிதத்தை யாருக்கு அனுப்புகிறீர்கள் என்பது முக்கியம். வகுப்பாசிரியைக்கு மட்டும் அனுப்பாதீர்கள். டெக்சாஸில் பள்ளி முதல்வர் போன்ற நிர்வாகப் பொறுப்பில் உள்ளவருக்கோ, மாவட்டத்தின் சிறப்புக் கல்வி இயக்குநருக்கோ எழுத்தில் போனால்தான் காலக்கெடு தொடங்கும். இருவருக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிட்டு ஆசிரியைக்கு நகல் வையுங்கள். உள்ளடக்கம் இவ்வளவு போதும்: "என் மகனுக்குக் கற்றல் குறைபாடு, குறிப்பாக டிஸ்லெக்சியா இருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன். ஐ.டி.இ.ஏ. சட்டத்தின்படி சிறப்புக் கல்விக்கான முழுமையான தனிநபர் மதிப்பீடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒப்புதல் படிவத்தை அனுப்பி வையுங்கள். மறுப்பதாக இருந்தால் அதற்கான காரணத்தை எழுத்தில் தாருங்கள்." இதற்குக் கீழே நீங்கள் வீட்டில் கண்ட நான்கைந்து விஷயங்களை எழுதுங்கள். 'சரியாகப் படிப்பதில்லை' என்று எழுதினால் யாருக்கும் எதுவும் விளங்காது. 'ஒரு வரியில் எழுத்துக்கூட்டிப் படித்த சொல், அடுத்த வரியில் வந்தால் முன்பின் பார்த்திராததுபோல் மறுபடியும் எழுத்துக்கூட்டுகிறான்', 'பத்து நிமிட வீட்டுப்பாடத்துக்கு ஒரு மணி நேரம் ஆகிறது, முடிவில் அழுகிறான்' என்று எழுதுங்கள். குடும்பத்தில் அப்பாவோ மாமாவோ சித்தியோ வாசிக்கத் திணறியவர்களாக இருந்தால் அதையும் சேருங்கள். டிஸ்லெக்சியா பெரும்பாலும் குடும்பவழியில் வருவது. நம் வீடுகளில் அதை 'படிப்பு ஏறவில்லை' என்று சொல்லி மூடி வைத்திருப்போம்.

கடிதம் போய்ச் சேர்ந்த 15 பள்ளி நாட்களுக்குள் மாவட்டம் ஒப்புதல் படிவத்தைத் தர வேண்டும், அல்லது ஏன் மறுக்கிறோம் என்று காரணத்தோடு எழுதித் தர வேண்டும். நீங்கள் படிவத்தில் கையெழுத்திட்ட நாளிலிருந்து 45 பள்ளி நாட்களுக்குள் மதிப்பீட்டு அறிக்கை தயாராக வேண்டும். அதன்பின் 30 நாட்களுக்குள், அறிக்கையைப் பார்த்து முடிவெடுக்கும் கூட்டம். கல்வியாண்டின் இறுதியில் கையெழுத்திட்டால் இந்தக் கணக்கு மாறும், ஆகவே நாளைக் கடத்தாதீர்கள். வேறு மாநிலங்களில் இருப்பவர்கள் தங்கள் மாநில விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மாநிலம் தனியாகக் கெடு வைக்காத இடங்களில், ஒப்புதல் கிடைத்த 60 நாட்களுக்குள் மதிப்பீட்டை முடிக்க வேண்டும் என்ற கூட்டாட்சி விதி செல்லும்.

'குழுப் பயிற்சி நடக்கிறதே, அது முடியட்டும்' என்ற பதில் வரக்கூடும். அந்தப் பயிற்சி நல்லதுதான், நிறுத்தச் சொல்ல வேண்டாம். ஆனால் அதைக் காரணம் காட்டி மதிப்பீட்டைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்று கூட்டாட்சிக் கல்வித் துறை 2011 ஜனவரியிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம். டெக்சாஸ் பெற்றோர் இதில் சற்றுக் கூடுதலாகவே கவனமாக இருக்க வேண்டும், அதற்கு வரலாறு உண்டு. 2004 முதல் இந்த மாநிலம், சிறப்புக் கல்வி பெறும் மாணவர் எண்ணிக்கை 8.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று மாவட்டங்களுக்கு ஓர் இலக்கை வைத்திருந்தது. 2016இல் ஹூஸ்டன் கிரானிக்கிள் நாளிதழ் அதை அம்பலப்படுத்தியது. 2017இல் சட்டமன்றம் அதைத் தடை செய்தது. 2018 ஜனவரியில் கூட்டாட்சிக் கல்வித் துறை, டெக்சாஸ் சட்டத்தை மீறியிருக்கிறது என்று தீர்ப்புரைத்தது. அந்த ஆண்டுகளில் எத்தனையோ பெற்றோர் இதே 'பொறுத்துப் பார்க்கலாம்' என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டு வீடு திரும்பியவர்கள். அந்தப் பிள்ளைகள் இழந்த ஆண்டுகளை யாரும் திருப்பித் தரவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

ஆனாலும் உங்கள் ஆசிரியையை எதிரியாக எண்ண வேண்டாம். 1975இல் இந்தச் சட்டத்தை இயற்றியபோது, கூடுதல் செலவுக்காக, ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை தருவதாக அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சொன்னது. அந்த அளவை ஓராண்டில்கூட எட்டியதில்லை. மிச்சச் சுமை மாநிலத்தின் மீதும் மாவட்டத்தின் மீதும் விழுந்து, கடைசியில் அந்த ஆசிரியையின் நேரத்தில் வந்து முடிகிறது. ஆசிரியர்களிடம் 'உங்கள் வகுப்பில் என்ன பார்க்கிறீர்கள்?' என்று மனம் திறந்து கேட்டால் பலர் உண்மையைச் சொல்வார்கள். அந்த உண்மையே பின்னர் கூட்டத்தில் உங்களுக்குத் துணையாக வரும்.

இனி வீட்டில் பேசும் தமிழ் பற்றி. தயவுசெய்து அதை நிறுத்தாதீர்கள். ஆங்கிலம் போதாமை முதன்மைக் காரணமாக இருந்தால் ஒரு குழந்தையைக் குறைபாடுள்ளவன் என்று முடிவு செய்யக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. அது தவறான முத்திரை குத்துவதைத் தடுப்பதற்கான பாதுகாப்பு. வீட்டு மொழியைக் காட்டி மதிப்பீட்டையே மறுப்பதற்கு அது இடம் தரவில்லை. உங்கள் மகன் ஆங்கிலத்தில் கேட்ட கதையை முழுதாகத் திருப்பிச் சொல்கிறான் என்கிறீர்கள். மொழி புரியாத பிள்ளையால் அது முடியாது. எழுத்தை ஒலியோடு இணைக்கும் இடத்தில்தான் அவனுக்குச் சிக்கல் என்று தோன்றுகிறது, அதைத்தான் சோதிக்க வேண்டும். தமிழ் எழுத்துகளைக் கற்றுக்கொடுத்துப் பார்த்திருந்தால், அங்கேயும் அவன் அதேபோல் தடுமாறினானா என்பதை மதிப்பீட்டாளரிடம் சொல்லுங்கள். இரண்டு மொழியிலும் ஒரே தடுமாற்றம் என்றால் அது முக்கியமான தடயம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கும் இதைச் சேர்த்தே சொல்கிறேன்: இரண்டு மொழிச் சூழல் பேச்சு வளர்ச்சியைக் கெடுக்கிறது என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு, தமக்கே சரளமில்லாத ஆங்கிலத்தில் பிள்ளையோடு அளந்து அளந்து பேசும் தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். பாட்டி தாத்தாவோடு அந்தக் குழந்தை பேசுவதும் அத்தோடு நின்றுவிடுகிறது.

கணவரின் பயம் எனக்குப் புரிகிறது. அவருக்கு இதைச் சொல்லுங்கள்: ஐ.டி.இ.ஏ. சட்டம் விசாவையோ குடியேற்ற நிலையையோ தகுதியாகக் கேட்பதில்லை. குழந்தையின் பள்ளி ஆவணங்கள் 1974இலிருந்து தனியுரிமைச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன, அவருடைய நிறுவனத்துக்குப் போகாது. கல்லூரிக்கு அனுப்பும் மதிப்பெண் சான்றில் பிள்ளைக்குக் குறைபாடு இருப்பதாகக் குறிக்கவும் கூடாது. உரிமையைக் கேட்டதற்காகப் பெற்றோரைப் பழிவாங்குவதையும் சட்டம் தடை செய்கிறது. 'ஸ்பெஷல்' என்ற முத்திரை விழுந்துவிடுமே என்ற கவலையும் இருக்கலாம். வாசிக்க வராத பிள்ளைக்கு வகுப்பில் ஏற்கெனவே ஒரு முத்திரை விழுந்திருக்கிறது, சோம்பேறி என்றோ மந்தம் என்றோ. அதைவிடச் சரியான பெயர் அவனுக்கு நல்லது.

அறிக்கை வரும்போது நம்மவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 'சொல் வாசிப்பு: 80' என்று இருக்கும். நூற்றுக்கு எண்பது, பரவாயில்லை என்று நினைத்துவிடுவோம். அது மதிப்பெண் அல்ல, தரப்படுத்திய மதிப்பு. அந்த அளவுகோலில் சராசரி 100, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் 85க்கும் 115க்கும் இடையில் இருப்பார்கள். 80 என்றால், அதே வயதுக் குழந்தைகள் நூறு பேரை வரிசையாக நிறுத்தினால் அவனுக்குக் கீழே ஒன்பது பேர்தான் இருப்பார்கள். அதைத்தான் அறிக்கையில் 9ஆம் பெர்சென்டைல் என்று போட்டிருப்பார்கள், அதையும் ஒன்பது சதவீத மதிப்பெண் என்று படித்துவிடாதீர்கள். ஒரே பையனுக்குச் சிந்திக்கும் திறனில் 112 என்றும், ஒலிகளைப் பிரித்தறிவதில் 78 என்றும் இருக்கலாம். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்து 'நன்றாகத்தான் இருக்கிறான்' என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த இடைவெளியில்தான் அவனுடைய சிரமம் இருக்கிறது.

அறிக்கையைக் கூட்டத்தில் முதன்முறையாகப் பார்க்கக் கூடாது. பிள்ளையின் ஆவணங்களைக் கூட்டத்துக்கு முன்பே பார்வையிடும் உரிமை உங்களுக்கு உண்டு, 'சில நாட்கள் முன்னதாக அறிக்கையின் நகலை அனுப்புங்கள்' என்று எழுதிக் கேளுங்கள். படிக்கும்போது புரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள், கூட்டத்தில் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஆங்கிலத்தில் பேசத் தயக்கம் இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். கூட்டத்தில் நடப்பது பெற்றோருக்குப் புரியும்படி ஏற்பாடு செய்வது பள்ளியின் கடமை, அதற்கு உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. அலுவலகத்தில் நாள் முழுவதும் ஆங்கிலத்தில் பேசுபவர்கள்கூட, தம் பிள்ளையின் குறையைப் பற்றிப் பேசும்போது சொல் வராமல் தவிப்பதைக் கண்டிருக்கிறேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

டெக்சாஸில் இதை ஆர்டு கூட்டம் என்பார்கள், மற்ற மாநிலங்களில் ஐ.இ.பி. கூட்டம். ஐ.இ.பி. என்பது பிள்ளைக்கென்று வகுக்கும் தனிநபர் கல்வித் திட்டம். உள்ளே போனால் மேசையைச் சுற்றி ஆறேழு பேர் இருப்பார்கள், திரையில் பாதி நிரப்பிய ஆவணம் ஓடும். நீங்கள் விருந்தாளியைப்போல் ஓரத்தில் உட்கார்ந்துவிடாதீர்கள். சட்டப்படி நீங்களும் அந்தக் குழுவின் உறுப்பினர். துணைக்கு ஒருவரை அழைத்துப் போகலாம், உறவினராகவோ நண்பராகவோ இருக்கலாம். அவர் பேசக்கூட வேண்டாம், குறிப்பெடுத்தால் போதும், நீங்கள் முகம் பார்த்துப் பேச முடியும். முன்வரைவு எழுதிக்கொண்டு வருவதில் தவறில்லை. ஆனால் முடிவை முன்பே எடுத்துவிட்டு உங்களுக்கு வாசித்துக் காட்டுவது கூடாது. ஆசிரியர்களிடம் மறுத்துப் பேசுவது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்கள் நாம். 'இதை எந்தத் தகவலை வைத்து முடிவு செய்தீர்கள்?' என்று கேட்பதில் எந்த அவமரியாதையும் இல்லை, அந்த மேசையில் மிகவும் பயன்படும் கேள்வியும் அதுதான்.

ஐ.இ.பி. ஆவணத்தில் இரண்டு இடங்களை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். முதலாவது, இலக்குகள். 'வாசிப்புத் திறனை மேம்படுத்திக்கொள்வான்' என்று எழுதியிருந்தால் அது இலக்கே இல்லை. அடுத்த ஆண்டு ஒரே ஒரு சொல் கூடுதலாக வாசித்தாலும் நிறைவேறியதாகச் சொல்லிவிடலாம். இப்படி இருக்க வேண்டும்: 'தற்போது இரண்டாம் வகுப்புப் பத்தி ஒன்றை நிமிடத்துக்கு 24 சொற்கள் சரியாக வாசிக்கிறான். ஓராண்டு முடிவில், முன்பு பார்த்திராத அதே நிலைப் பத்தியை நிமிடத்துக்கு 70 சொற்கள், தொடர்ந்து மூன்று தேர்வுகளில் வாசிப்பான்.' இப்போது எங்கே நிற்கிறான், எங்கே போக வேண்டும், யார் எப்போது அளப்பார்கள் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். பெயருக்கு ஏதோ சிறிது முன்னேறினால் போதும் என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 2017இல் எண்ட்ரூ எஃப். வழக்கில் நிராகரித்துவிட்டது. கொலராடோவைச் சேர்ந்த, ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவனின் பெற்றோர் தொடுத்த வழக்கு அது. குழந்தையின் சூழ்நிலைக்கு ஏற்ற முன்னேற்றத்தை எட்டும்படி திட்டம் வகுக்க வேண்டும் என்று நீதிபதிகள் எல்லோரும் ஒருமனதாகச் சொன்னார்கள்.

இரண்டாவது, சேவை நிமிடங்கள். 'தேவைக்கேற்ப உதவி' என்ற சொற்களை ஏற்காதீர்கள். வாரத்தில் எத்தனை நாள், எத்தனை நிமிடம், குழுவில் எத்தனை பேர், வகுப்புக்குள்ளா வெளியிலா, யார் நடத்துவார், அவருக்கு அந்தப் பயிற்சி முறையில் தேர்ச்சி இருக்கிறதா என்று கேட்டு எழுத வையுங்கள். டிஸ்லெக்சியாவுக்கு, ஒலியும் எழுத்தும் படிப்படியாக இணையும் முறையான பயிற்சி தேவை. ஏற்கெனவே பலன் தராத அதே குழுப் பயிற்சிக்கு வேறு பெயர் வைத்துத் தந்தால் போதாது. 'ஆவணத்தில் டிஸ்லெக்சியா என்ற சொல்லைப் போட மாட்டோம்' என்று சில பள்ளிகளில் சொல்வார்கள். போடுவதற்குச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை என்று கூட்டாட்சிக் கல்வித் துறை 2015 அக்டோபரில் தெளிவாக்கியிருக்கிறது. தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளை மட்டும் கொண்ட ஒரு 504 திட்டத்தை முன்வைத்தால், அது 1973ஆம் ஆண்டின் வேறொரு சட்டத்திலிருந்து வருவது என்பதை நினைவில் வையுங்கள். வாசிக்கவே கற்றுத்தர வேண்டிய பிள்ளைக்குக் கூடுதல் நேரம் மட்டும் போதாது.

அன்றே கையெழுத்திட வேண்டிய கட்டாயமில்லை. கூட்டத்துக்கு வந்ததற்கான கையெழுத்தும் திட்டத்தை ஏற்பதற்கான கையெழுத்தும் வேறு வேறு, எதில் இடுகிறீர்கள் என்று பார்த்து இடுங்கள். நீங்கள் உடன்படாவிட்டால் பத்துப் பள்ளி நாட்கள் வரை கூட்டத்தை ஒத்திவைத்து மீண்டும் கூட டெக்சாஸ் விதி வாய்ப்பளிக்கிறது. வீட்டுக்கு வந்ததும் அன்று மாலையே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்: 'இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டது இது, தவறிருந்தால் திருத்துங்கள்.' வாய்மொழியாகச் சொன்ன வாக்குறுதிகள் இப்படித்தான் தாளுக்கு வரும்.

பள்ளியின் மதிப்பீட்டில் உடன்பாடு இல்லையென்றால், மாவட்டத்தின் செலவில் வெளி நிபுணர் ஒருவரின் மதிப்பீட்டைக் கேட்கலாம். மாவட்டம் அதற்குப் பணம் தர வேண்டும், அல்லது தன் மதிப்பீடு சரியானதே என்று விசாரணைக்குப் போய் நிரூபிக்க வேண்டும். வெறுமனே 'முடியாது' என்று சொல்லிவிட முடியாது. காலக்கெடு மீறினாலோ எழுதிய சேவையைத் தராவிட்டாலோ மாநிலக் கல்வித் துறைக்கு ஓராண்டுக்குள் புகார் எழுதலாம். வழக்கறிஞர் தேவையில்லை, கட்டணமில்லை, 60 நாட்களில் முடிவு வர வேண்டும். முறையான விசாரணை என்பது கடைசிப் படி. அதில் வழக்கைக் கொண்டுபோனவரே நிரூபிக்க வேண்டும் என்பது 2005ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, ஆகவே துணையின்றி இறங்காதீர்கள். இதற்கெல்லாம் முன்பாக, ஒவ்வொரு மாநிலத்திலும் கூட்டாட்சி நிதியில் நடக்கும் பெற்றோர் பயிற்சி, தகவல் மையம் குறைந்தது ஒன்று இருக்கிறது. டெக்சாஸில் பார்ட்னர்ஸ் ரிசோர்ஸ் நெட்வொர்க், நியூ ஜெர்சியில் ஸ்பான், மினசோட்டாவில் பேசர். உதவிக்குக் கட்டணம் இல்லை. கூட்டத்துக்கு முன்பே அழைத்துப் பேசுங்கள்.

நம் குடும்பங்கள் வேலைக்காக அடிக்கடி ஊர் மாறுவதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். கல்வியாண்டின் நடுவில் வேறு மாநிலத்துக்குப் போனாலும், புதிய மாவட்டம் தன் மதிப்பீட்டை முடித்துத் தன் திட்டத்தை வகுக்கும்வரை, பழைய ஐ.இ.பி.யில் உள்ளதற்கு இணையான சேவையைத் தந்தாக வேண்டும். பழைய பள்ளியிலிருந்து கோப்பு வந்துசேரட்டும் என்று அவர்கள் சொல்லக்கூடும். அதனால் மதிப்பீட்டு அறிக்கை, கடைசி ஐ.இ.பி., முன்னேற்ற அறிக்கைகள், உங்கள் மின்னஞ்சல்கள் எல்லாவற்றின் நகலையும் ஒரே கோப்பில் தேதி வரிசையில் வைத்திருங்கள். புதிய பள்ளியில் பெயர் பதியும் நாளன்றே அதன் ஒரு படியைக் கையோடு கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.